ஒரு கண் மட்டும் சிவந்த மாப்பிள்ளை

பகராக் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிய துப்பறியும் ஜெனிஸ்டனுக்கு அன்று ஒரு புதுமையான அனுபவம் கிடைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒரு வழக்குக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டான். வழக்கு இன்னும் றைன் ஆற்றில் மிதந்து வந்துகொண்டிருந்தது.

“அதோ பாருங்க பாஸ், நம்ம கேஸ் வளைவுல திரும்புது,” என்றாள் ஸ்வர்ணா.

‘சில்பர்மூவ’ என்ற அந்த வெள்ளைக் கப்பல், கலியாண வீட்டில் நன்றாகச் சாப்பிட்ட பெரியப்பா கதிரையை விட்டு எழும்புவது போல, அவசரமே இல்லாமல் கரைப் பக்கம் திரும்பியது.

கப்பலைக் கரையில் கட்டி முடிப்பதற்குள் இவர்கள் இருவரையும் பற்றிச் சொல்லிவிடலாம். ஜெனிஸ்டன் பான் நகரத்து மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து வேலை பழகியவன். கண்ணைப் பார்த்து நம்பர் சொல்லி அலுத்துப்போய், கண்ணைப் பார்த்து உண்மை சொல்லப் புறப்பட்டான். கடைக்கு மேலே ஓர் அறை, கதவிலே ஒரு பித்தளைப் பலகை. கொலை வழக்குகள் வரும் என்று காத்திருந்தான். வந்தவர்களெல்லாம் பெண்ணைப் பெற்றவர்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, வேறு தொடர்பு உண்டா என்று பார்த்துச் சொல்வதே தொழிலாயிற்று. ஒரு முறை ஹம்பேர்க்கில் எஸ்-பான் ரயிலில் ஒரு மாப்பிள்ளையை மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தான். கடைசியில் அந்த மாப்பிள்ளையே இவன் தோளைத் தட்டி எழுப்பி, “அண்ணை, இதோடை ரயில் போகாது, இறங்குங்கோ,” என்றான். அருமையான பிள்ளை என்று ஜெனிஸ்டன் அறிக்கை கொடுத்தான். கலியாணம் நடந்தது.

ஸ்வர்ணா மதுரைக்காரி. கார்ஹிங் நகரத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வந்தவள். “எலக்ட்ரான் எங்க இருக்குன்னும் சொல்ல முடியல, எங்க போகுதுன்னும் சொல்ல முடியல. அதுக்கு மாப்பிள்ளைங்களே தேவல பாஸ்,” என்று சொல்லி உதவியாளராகச் சேர்ந்துகொண்டாள்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகை விழுந்தது. ஜெனிஸ்டன் அதில் ஒரு காலை வைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

“பாஸ், கப்பலைக் கட்டிப் போட்டுட்டாங்க. அது நகரல.”

“தெரியும். எனக்குத்தான் நகருது.”

மேல்தளத்தில், குடைக்குக் கீழே, புஷ்பமலர் அக்கா காத்திருந்தா. காலையில் பானுக்குத் தொலைபேசி எடுத்து இவர்களை ஓடிவரச் சொன்னவ அவதான். ஐம்பது வயதுக்கு நல்ல எடுப்பான முகம். ஆனால் அன்றைக்கு அந்த முகம், மழைக்குள் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது.

“தம்பி, என்ரை தாலிக்கொடியைக் காணேல்லை.”

விஷயம் இதுதான். இன்று அவவுக்கும் றெஜினோல்ட் அண்ணைக்கும் கலியாண வெள்ளிவிழா. பின்னேரம் கப்பல் பொப்பார்ட் நகரத்தில் நிற்கும்போது பாதர் ஏறுவார். சாப்பாட்டு மண்டபத்தில் செபம் சொல்லி, கொடியை ஆசீர்வதிப்பார். அண்ணை அதை மறுபடியும் கட்டுவார். இதற்கென்றே அண்ணையின் தமக்கை பற்றிமா அக்கா மன்னாரிலிருந்து வந்திருக்கிறா.

“அந்தக் கொடி சும்மா கொடி இல்லைத் தம்பி. எங்கடை கலியாண நேரம் அவையளிட்டை ஒண்டுமில்லை. மச்சாள் தன்ரை கையிலை கிடந்த காப்பைக் கழட்டி உருக்கித்தான் அதைச் செய்விச்சவ. புறா பொறிச்ச தாலி. இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு அதைப் பார்க்க வந்திருக்கிறா. நான் என்ன முகத்தோடை அவவுக்கு முன்னாலை நிக்கிறது?”

“கடைசியா எங்கை வைச்சனீங்கள் அக்கா?”

“அறையிலை இருக்கிற சேஃபிலை. மைன்ஸிலை ஏறின அண்டே, விழாவிலை திரும்பக் கட்டவெண்டு கழட்டி வைச்சுப் பூட்டினன். இண்டைக்குக் காலமை மினுக்கி வைப்பமெண்டு திறந்தால் வெறும் சேஃப்.”

“பூட்டு உடைஞ்சதோ?”

“இல்லை. நம்பர் போட்டுத்தான் திறந்திருக்கு. எங்கடை கலியாண வருசம்தான் நம்பர். எனக்கும் அவருக்கும்தான் தெரியும்.”

“அப்ப அக்கா, எடுத்தது…”

புஷ்பமலர் அக்கா கையைத் தூக்கி அவனை மறித்தா.

“கொடியைத் தேடித் தாங்கோ தம்பி. ஆளைத் தேட வேண்டாம். ஆள் ஆரெண்டு எனக்குத் தெரிய வேண்டாம்.”

ஜெனிஸ்டன் வாயை மூடிக்கொண்டான். ஸ்வர்ணாவும் மூடிக்கொண்டாள். அது எப்போதாவது நடக்கிற விஷயம்.

பிறகு அக்காவே தொடங்கினா. “ரெண்டு நாளா மனிசன் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. கண் சிவந்து போய்த் திரியிறார், அழுதவர் மாதிரி. நேற்று றூடஸ்ஹைமிலை அந்த ஒடுங்கின ஒழுங்கைக்குள்ளை என்னை விட்டிட்டு ஓடினார். எட்டிப் பார்த்தால், கப்பலிலை வாற ஒரு பச்சைத் தொப்பி மனுசிக்குப் பூக்கொத்து நீட்டுறார். பூக்கொத்துத் தம்பி! எனக்கு இருபத்தைஞ்சு வருசத்திலை வாங்கித் தந்தது ஒரேயொரு கறிவேப்பிலைக் கண்டு.”

“அது நல்லா வளந்துச்சா அக்கா?” என்று கேட்டாள் ஸ்வர்ணா.

“பட்டுப்போச்சு.”

அந்த நேரம் பார்த்துக் கீழே பலகையில் காலடிச் சத்தம். பச்சைத் தொப்பி ஒன்று, அதில் ஒரு இறகு, அதற்குக் கீழே நெட்டையாய் ஒரு ஜெர்மன் அம்மையார், இரண்டு கைகளிலும் நடைக்கோல். எட்டி எட்டி நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தா. அவவுக்குப் பின்னால், கையில் புதுப் பூக்கொத்தோடு, வயிற்றை முன்னே அனுப்பிவிட்டு மூச்சிரைக்க ஓடினார் றெஜினோல்ட் அண்ணை.

“வாரும்,” என்றான் ஜெனிஸ்டன்.

*

பகராக்கில் ஒருவரைப் பின்தொடர்வது சுலபம். அங்கே எல்லோரும் யாரையாவது பின்தொடர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். குடை பிடித்த வழிகாட்டிக்குப் பின்னால் ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் இன்னொன்று. மரச்சட்டம் போட்ட வீடுகள் தெருவின் இரண்டு பக்கமும் சாய்ந்து நின்று, கீழே போகிறவர்களின் கதையை ஒட்டுக்கேட்டன. அவற்றில் மிகப் பழையது கோணல்மாணலாய், தூக்கக் கலக்கத்தில் சேலை சுற்றியது போல நின்றது. அறுநூறு வருடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறதாம்.

“நம்ம ஆபீஸ் அலமாரிய மாட்டினவர்தான் இதையும் கட்டியிருப்பாரு போல,” என்றாள் ஸ்வர்ணா. அலமாரியை மாட்டியவன் ஜெனிஸ்டன்.

திராட்சை அறுவடைக் காலம். தெருவெல்லாம் புது வைன் மணம். ஒரு முக்கு திரும்புவதற்குள் ஸ்வர்ணாவின் கையில் ஒரு பெரிய துண்டு வெங்காயக் கேக் வந்துவிட்டது.

“வேலை நேரத்திலை என்ன சாப்பாடு?”

“டிஸ்கைஸ் பாஸ். கையில தீனி இல்லாம நின்னா யார் நம்மள டூரிஸ்ட்னு நம்புவாங்க?”

பச்சைத் தொப்பி தேவாலயத்தைத் தாண்டி, பக்கத்தில் இருந்த கல்படிகளில் ஏறத் தொடங்கியது. மேலே கூரை போன ஒரு பழைய சிற்றாலயம். சிவப்புக் கல்லில் சுவர்களும் உயர்ந்த யன்னல்களும் மட்டும் மிச்சம். ஜெனிஸ்டன் படிகளைப் பார்த்தான். படிகளும் அவனைப் பார்த்தன. துப்பறிவாளர்களுக்கு இரும்பு நெஞ்சு வேண்டும் என்பார்கள். அவனுக்கு இருந்தது இரும்புக் கால்கள். தூக்க முடியாத பாரம்.

பாதிப் படியில் றெஜினோல்ட் அண்ணை மூச்சு வாங்க நின்றார். ஜெனிஸ்டன் சட்டென்று கைப்பேசியை உயர்த்தி மலையைப் படமெடுக்கத் தொடங்கினான். திரைக்குள் அண்ணையின் முகம் அருகே வந்தது. அவர் வலது கை விரலால் வலது கண்ணைக் கசக்கினார். கண் செக்கச் செவேலென்று இருந்தது. இடது கண்ணோ, புதுப் பால்மா மாதிரி வெள்ளை வெளேர்.

ஏதோ ஒன்று ஜெனிஸ்டனின் மூளையைத் தட்டியது. ஆனால் மூளை அப்போது மூச்சு வாங்குவதில் மும்முரமாயிருந்தது.

மேலே போய்ச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். யன்னல் இடைவெளியால் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. இருவரும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கதைத்தார்கள்.

“பூ அழகாயிருக்கிறது, நன்றி. ஆனால் பதில் மாறாது,” என்றா அம்மையார். “நான் வாழ்நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். கொடுத்த பரிசைத் திரும்பக் கேட்பது அழகல்ல என்று ஆறு வயதுப் பிள்ளைக்கே சொல்லிக் கொடுப்போம்.”

“தயவுசெய்து, ஹெல்கா அம்மையார்! அதற்குப் பதிலாக என்ன வேண்டுமென்றாலும் வாங்கித் தருகிறேன்.”

“நீங்கள் இப்படி வந்து கேட்பது உங்கள் மனைவிக்குத் தெரியுமா?”

“கடவுளே! அவளுக்கு ஒரு வார்த்தையும் சொல்லிவிடாதீர்கள்!”

“வெட்கம். எப்படியும் அது இப்போது என்னிடம் இல்லை. உபயோகப்படுகிற இடத்தில் சேர்த்துவிட்டேன். பார்த்த அளவுக்குச் சின்னதில்லை, நல்ல பாரம்!”

ஸ்வர்ணாவின் வாய் ஆவென்று திறந்தது. கையும் திறந்தது. வெங்காயக் கேக் சுவருக்கு அப்பால் பறந்து, கீழே ஒரு வழிகாட்டி தூக்கிப் பிடித்த குடையின் உச்சியில் போய் ‘பொத்’தென்று உட்கார்ந்தது. முழுக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. ஒருவர் கை தட்டினார்.

“பாஸ்,” என்று கிசுகிசுத்தாள் அவள், “தாலிய அந்தம்மாவுக்கு கிஃப்டா குடுத்திருக்காரு! அந்தம்மா அதை வேற யாருக்கோ பார்சல் பண்ணிட்டாங்க!”

ஹெல்கா அம்மையார் நடைக்கோல்களைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனா. றெஜினோல்ட் அண்ணை மட்டும் கல்லொன்றில் உட்கார்ந்து, கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். கள்ளக் காதலில் தோற்றவர் மாதிரித் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் தொப்பியைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயப்படுகிற பிள்ளை மாதிரித்தான் தெரிந்தார்.

கப்பல் ஊதியது.

*

கப்பல் நகர்ந்ததும் ஜெனிஸ்டன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கோட்டைகள் ஒவ்வொன்றாய் மலையிலிருந்து எட்டிப் பார்த்தன. ஆற்றின் நடுவே கல்லால் கட்டிய கப்பல் மாதிரி ஒரு சிறு கோட்டை நின்றது. ஆடாத கப்பல். ஜெனிஸ்டன் அதை ஏக்கத்தோடு பார்த்தான்.

“என்ன பாஸ் யோசிக்கிறீங்க? கேஸ் முடிஞ்சுது. சேஃப் நம்பர் தெரிஞ்சவர், பூ வாங்கிக் குடுக்கிறவர், ‘பொண்டாட்டிகிட்ட சொல்லாதே’ங்கிறவர். இதுக்கு மேல அவர் நெத்தியில எழுதி ஒட்டிக்கணுமா?”

“எனக்கு ஒண்டு இடிக்குது. கண்.”

“அழுதிருக்காரு.”

“அழுறவைக்கு ரெண்டு கண்ணும் சிவக்கும். ஒரு கண்ணாலை அழ ஏலாது. ஒரு கண் மட்டும் சிவந்து கடைக்கு வாறவை, ஒண்டில் கண்ணுக்குள்ளை தூசு விழுந்தவை. இல்லாட்டி எதையோ தொட்ட விரலாலை கண்ணைக் கசக்கினவை. இந்த மனிசன் வலக்கை விரலாலை வலக்கண்ணைத்தான் கசக்கிறார், கவனிச்சனீரோ?”

“எதைத் தொட்ட விரல்?”

“அதுதான் தெரியேல்லை.”

“அப்போ ஒரு ப்ரோமோஷன் பாஸ். இதுவரைக்கும் எதுவுமே தெரியாம இருந்தீங்க. இப்போ எது தெரியலன்னு தெரிஞ்சிருச்சு.”

உள்ளே மண்டபத்தில் பகல் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. புஷ்பமலர் அக்காவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் இருவரும் அவவின் மேசைக்கு வந்தார்கள். ‘ஆள் தெரிய வேண்டாம்’ என்று சொன்னவவிடம் ஆளைத் தவிர வேறொன்றும் கொண்டுவராமல் வந்து நிற்பது துப்பறிவாளனுக்கு அவமானம். மனிதனுக்கு அதைவிட வேதனை.

அக்காவுக்கு எதிரே பற்றிமா அக்கா உட்கார்ந்திருந்தா. சின்ன உருவம், பெரிய குரல். தட்டில் இருந்த அவித்த உருளைக்கிழங்கை முள்ளுக்கரண்டியால் உருட்டி, அதற்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தா.

“உப்பில்லை, உறைப்பில்லை. இந்தச் சனம் என்ன பாவம் செய்துதோ! மலர், நீ வீட்டிலை இருந்து மிளகாய்த்தூள் போத்தில் கொண்டு வந்தனி எல்லே? எங்கை, எடு பாப்பம்.”

“அதைக் குடுத்திட்டன் மச்சாள்.”

“குடுத்திட்டியோ? ஆருக்கு?”

“உந்தப் பச்சைத் தொப்பிக்குத்தான்.” அக்கா பெருமூச்சு விட்டா. “முந்தநாள் ஏறின கையோடை நேற்றுக் காலமைச் சாப்பாட்டிலை எனக்குப் பக்கத்திலை இருந்தவ. தடிமன். மூக்கடைப்பு. நான் முட்டைக்கு மேலை கொஞ்சம் தூள் தூவிக் குடுத்தன். ஒரு வாய்தான். மூக்குத் திறந்திட்டுது. கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. பாவமெண்டு போத்திலோடை தூக்கிக் குடுத்திட்டன். அவ்வளவு பெரிய நெஸ்கபே போத்தில்!” அக்காவின் குரல் தழுதழுத்தது. “என்ரை தூளையும் குடுத்து, என்ரை மனுசனையும் குடுத்திட்டன்.”

ஜெனிஸ்டனுக்கு முதல் தடவையாக அன்று தலைசுற்றல் நின்றது. கப்பல் நின்றது, ஆறு நின்றது, எல்லாம் நின்றது. மூளை மட்டும் ஓடியது.

“அக்கா,” என்றான் மெல்ல, “அண்ணைக்கு என்ன வேலை?”

“செக்கியூரிட்டி. பானிலை ஒரு பெரிய கட்டிடத்துக்குக் காவல். ஏன்?”

“அவர் இந்தச் சேஃபுகளை நம்புவாரோ?”

“அவரோ! ‘கள்ளன் முதல் பார்க்கிறது சேஃபைத்தான்’ எண்டு ஊரெல்லாம் வகுப்பெடுப்பார்.”

“அப்ப வீட்டிலை நகையை எங்கை வைப்பியள்?”

இரண்டு அக்காமாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பற்றிமா அக்கா, இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற குரலில், “அரிசி வாளிக்குள்ளை,” என்றா.

“அரிசி வாளி இப்ப கள்ளருக்கும் தெரியும் மச்சாள்,” என்றா புஷ்பமலர் அக்கா. “பருப்பு ரின்னும் தெரியும். எங்கடை வீடுகளிலை பொன் எங்கை கிடக்குமெண்டு அவங்களுக்கும் விளங்கிப்போச்சு. ‘கள்ளன் கை வைக்க யோசிக்கிற இடத்திலைதான் வைக்கவேணும்’ எண்டு இவர் அடிக்கடி…”

அக்கா முடிக்கும்போது ஜெனிஸ்டனின் கதிரை வெறுமையாய் இருந்தது. ஸ்வர்ணா ஒரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

*

றெஜினோல்ட் அண்ணை கப்பலின் பின்பக்கத்தில் தனியே நின்றார்.

“அண்ணை, உங்கடை வலக்கையைக் காட்டுங்கோ.”

“நீர் ஆர் தம்பி?”

“கண்ணாடிக் கடைப் பெடியன். கையைக் காட்டுங்கோ.”

கை நீண்டது. நகங்களுக்குள் செம்மஞ்சள் கறை. யாழ்ப்பாணத்து வறுத்த தூள் சவர்க்காரத்துக்கும் அடங்காது, போலீசுக்கும் அடங்காது.

“கொடி தூள் போத்திலுக்குள்ளைதானே?”

அண்ணையின் முகம், காற்றுப் போன பலூன் மாதிரி மெல்லச் சுருங்கியது.

“தம்பி… முதல் ராத்திரியே சேஃபிலை இருந்து எடுத்துத் தூளுக்குள்ளை தாட்டிட்டன். காலமை மலருக்குச் சொல்லுவமெண்டு குளிச்சிட்டு வாறன், போத்தில் அந்த மனுசியின்ரை பைக்குள்ளை போகுது! மலரே கையாலை தூக்கி வைக்கிறா! நான் எப்பிடிக் கத்துறது?”

“ஹெல்காகிட்ட உண்மையைச் சொல்லிருக்கலாமே சார்?” என்றாள் ஸ்வர்ணா.

“சொன்னால் நேரை மலரிட்டை வந்து ஒப்புவிப்பா. ரீச்சர் மனுசி, பிள்ளை! அதுதான் சும்மா தூளைத் தாங்கோ எண்டு கேட்டுப் பார்த்தன். பெண்சாதி குடுத்த தூளைத் திருப்பிக் கேட்கிற கஞ்சன் எண்டு நினைச்சிட்டா. பூக் குடுத்தும் பார்த்தன்.” அவர் மறுபடி கண்ணைக் கசக்கக் கையைத் தூக்கினார். ஜெனிஸ்டன் பிடித்து இறக்கினான். “முழு ஜேர்மனியிலையும் என்ரை காவலிலை ஒரு ஊசி காணாமல் போனதில்லைத் தம்பி. சொந்தத் தாலியைத் துலைச்சுப்போட்டன் எண்டு அக்காவுக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுவன்? அவ காப்பில்லாத கையோடை எங்கடை கலியாணத்திலை நிண்டவ.”

அப்போது ஜெனிஸ்டனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, ஒரு பக்கம் பாவமாயிருந்தது. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு ஓடினான்.

ஹெல்கா அம்மையார் சாய்வு நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தா. ஜெனிஸ்டன் மூச்சிரைக்கக் கேட்டதும் விரலை உதட்டில் வைத்தா.

“உஷ். அது ஒரு ஆச்சரியம்! இன்று அந்த நல்ல பெண்மணிக்கு வெள்ளிவிழா. அவருக்கு ஊர் ருசியில் விருந்து கொடுக்க வேண்டும் என்று போத்தலைக் காலையிலேயே சமையல்காரர் எமிலிடம் கொடுத்துவிட்டேன். இன்று மாலை குலாஷ் சூப்!”

குசினிக்குள் எமில் பாட்டு முணுமுணுத்தபடி நின்றார். உருண்டைக் கன்னம், உயரத் தொப்பி. அவருக்கு முன்னால் அடுப்பில், பிள்ளையைக் குளிப்பாட்டக்கூடிய அளவுக்கு ஒரு பானை. பக்கத்தில் நெஸ்கபே போத்தில், தலைகீழாய், பளிச்சென்று கழுவி வைத்தபடி.

“ஆ, அந்தப் பப்ரிகா தூளா? அருமையான நிறம்!” என்றார் எமில். “முழுவதையும் போட்டுவிட்டேன்.”

“முழுவதையும்?”

“காரமில்லாத பப்ரிகாதானே! ஈரம் பட்டதோ என்னவோ, அடியில் ஒரு கட்டி. அதுவும் விழுந்துவிட்டது. சூப்பில் கரைந்திருக்கும்.”

“பாஸ்,” என்றாள் ஸ்வர்ணா, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, “தாலி மேல கண்டம்னு கேள்விப்பட்டிருக்கேன். கொதிக்க வச்சு இப்பத்தான் பாக்கிறேன்.”

ஜெனிஸ்டன் கரண்டியைத் தேடித் திரும்புவதற்குள், இரண்டு பரிசாரகர்கள் வந்து பானையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பொப்பார்ட் வந்துவிட்டது. கரையில் இரட்டைக் கோபுரத் தேவாலயம், அதற்கு முன்னால் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி பாதர். மணியடித்தது. விருந்து தொடங்கிவிட்டது.

*

முதல் இருமல் யன்னலோர மேசையிலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி போலிருந்த ஒருவர், முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, வானத்தை நோக்கி எதையோ முறையிட்டார். அடுத்த மேசையில் இரண்டு பேர். பிறகு வரிசையாக எல்லோரும். ஆட்கள் தண்ணீருக்குக் கை நீட்டினார்கள், பாண் துண்டைக் கடித்தார்கள், முன்பின் தெரியாதவரின் தோளில் சாய்ந்து அழுதார்கள். மண்டபம் முழுவதும் செத்த வீடு போல ஒரே கண்ணீர். ஆனால் ஒருவர்கூடக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “எனக்கு மூக்கு வேலை செய்கிறது!” என்று ஒருவர் பரவசமாய்க் கத்தினார். பாதர் செபப் புத்தகத்தால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

அத்தனை பேருக்கும் நடுவே ஒருத்தி மட்டும் நிமிர்ந்திருந்து, நிதானமாய், கடைசித் துளி வரை குடித்தா.

“இப்பதான் இது சாப்பாடு,” என்றா பற்றிமா அக்கா. கோப்பையை நீட்டினா. “இன்னொருக்கா விடுங்கோ. மேலாலை அள்ளாமல் அடியிலை கிண்டி விடுங்கோ!”

“வேண்டாம்!” என்று வாசலில் இருந்து கத்தினார்கள் ஜெனிஸ்டனும் ஸ்வர்ணாவும் றெஜினோல்ட் அண்ணையும். ஆனால் பரிசாரகருக்குத் தமிழ் தெரியாது. பற்றிமா அக்காவின் கையசைப்பு மட்டும் தெரிந்தது. அகப்பை அடி வரை போனது. மேலே வந்தது. உருளைக்கிழங்குத் துண்டு இரண்டு, இறைச்சித் துண்டு ஒன்று, அவற்றுக்கு மேலாகச் செக்கச் செவேலென்று வழிந்துகொண்டு நீண்ட, தடித்த ஒரு தாலிக்கொடி.

‘கிளிங்’ என்று கோப்பைக்குள் விழுந்தது. புறா மேலே பார்த்தபடி கிடந்தது.

மண்டபத்தில் இருமல் மட்டும் கேட்டது.

பற்றிமா அக்கா கொடியைப் பார்த்தா. தம்பியைப் பார்த்தா. “றெஜி,” என்றா, “இதென்னடா கோதாரி? என்ரை காப்பைச் சூப் வைச்சிட்டியோ?”

றெஜினோல்ட் அண்ணை நடு மண்டபத்துக்கு வந்தார். ஒரு வாக்கியத்தில் தொடங்கினார். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். சேஃப், தூள், நெஸ்கபே போத்தில், பூ, படிக்கட்டு, கஞ்சன் பட்டம், எல்லாம். ஸ்வர்ணா பக்கத்து மேசைகளுக்கு டொச்சில் மொழிபெயர்த்தாள். ஹெல்கா அம்மையார் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டா.

புஷ்பமலர் அக்கா எழுந்து நின்றா.

“அப்ப… ரெண்டு நாளா அந்த மனுசிக்குப் பின்னாலை பூவோடை திரிஞ்சது…”

“தூள் போத்திலுக்குத்தான் மலர்.”

“என்னோடை கதைக்காமல் இருந்தது?”

“கதைச்சால் உண்மை வந்திடும் எண்ட பயம். உன்னட்டைப் பொய் சொல்ல எனக்கு வராது எண்டு தெரியும்தானே.”

அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறா என்று எல்லோரும் நினைத்தார்கள். அக்கா சிரித்தா. மேசையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு மனிசனைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. “உங்களைச் செக்கியூரிட்டிக்கு எடுத்தவன் ஆரப்பா? அவனை நான் ஒருக்காப் பார்க்கோணும்!”

எமில் கொடியைக் கழுவிக்கொண்டு வந்தார். மூன்று தரம் கழுவியதாகச் சத்தியம் செய்தார். பாதர் மூக்கைச் சிந்திவிட்டு ஆசீர்வதித்தார். ஜெனிஸ்டன் தட்டை ஏந்தி நின்றான்; அண்ணை எடுத்துக் கட்டினார்.

“ஐயோ, எரியுதப்பா!”

“கொஞ்சம் பொறுத்துக்கொள் மலர்.”

“பொறுக்காமலோ இருபத்தைஞ்சு வருசம்?” என்றா அக்கா. பற்றிமா அக்கா வெறும் கையால் புறாவை ஒரு முறை தடவி, அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டா.

அப்போது ஹெல்கா அம்மையார் எழுந்து வெளியே போய், அறையிலிருந்து இரண்டு பூக்கொத்துகளோடு திரும்பி வந்தா. றூடஸ்ஹைம் பூ கொஞ்சம் வாடியிருந்தது. பகராக் பூவில் இன்னும் தண்ணீர் சொட்டியது. இரண்டையும் புஷ்பமலர் அக்காவின் கையில் வைத்தா.

“விலாசம் மாறி என்னிடம் வந்துவிட்டன,” என்றா. “பரிசைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் சட்டம். ஆனால் இது பரிசில்லை, உங்களுடையது.”

அக்கா பூவையும் மனிசனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பூக்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டா.

ஜெனிஸ்டன் அவசரமாக வெளித்தளத்துக்குப் போனான். பொப்பார்ட்டின் விளக்குகள் தண்ணீரில் ஒவ்வொன்றாய்ப் பற்றிக்கொண்டன. கப்பல் லேசாக ஆடியது. அவனுக்கு அது தெரியவில்லை.

பின்னால் ஸ்வர்ணா வந்து நின்றாள். கையில் அந்தக் கழுவிய நெஸ்கபே போத்தில், ஞாபகார்த்தம். அவன் முகத்தைப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள்.

“என்ன பாஸ், கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?”

“தூள்,” என்றான் ஜெனிஸ்டன். “தட்டிலை தூள் இருந்தது. தெரியாமல் விரலாலை கசக்கிப்போட்டன்.”

ஸ்வர்ணா இன்னும் கொஞ்சம் குனிந்து, முதலில் இடது கண்ணைப் பார்த்தாள். பிறகு வலது கண்ணைப் பார்த்தாள்.

“ரெண்டும் சிவந்திருக்கே பாஸ்.”

ஜெனிஸ்டன் ஆற்றைப் பார்த்தான். உதவியாளருக்குத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது தன் வாழ்க்கையில் செய்த பெரிய தவறு என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது.